செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ: கடலோரத்து வீட்டுக்கு எதை வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பருக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு, மாடியில் நின்றால் கடல் தெரிகிற தூரம். மொட்டை மாடியில் 2 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) டியூபில் சட்டம் அடித்து 0.5 மி.மீ. கலர் ஷீட் போடப் போகிறார். பழைய சின்ன ஷெட் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதில் இரண்டே மழைக்காலத்தில் ஸ்க்ரூ தலையெல்லாம் துரு, சில தலைகள் கையோடு வந்துவிட்டன, சிலது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கூடவே அலுமினிய ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம், வாஷிங் மெஷின் பின்பக்க பிளாஸ்டிக் மூடி என்று சில்லறை வேலைகள். கடைக்காரர் "டேப்பிங்கா, ட்ரில்லிங்கா, எத்தனை நம்பர்?" என்று கேட்டதும் விழித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவே வாங்கிவிட்டால் தொல்லை விட்டதா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில்: விடாது. சில இடத்தில் எஸ்.எஸ். போட்டால்தான் பிழைக்கும், சில இடத்தில் எஸ்.எஸ். போட்டதாலேயே ஷீட் கெடும். நான் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவன், இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இரண்டு விதத்தையும் என் கைக்காசு போட்டுப் படித்திருக்கிறேன். ஸ்க்ரூவைப் பார்த்து ஸ்க்ரூ வாங்கக் கூடாது, அது போய்ப் பிடிக்கிற பொருளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சாதாரண போல்ட்டுக்கு மறுபக்கம் நட்டு இருக்கிறது, அல்லது துளையில் முன்னாலேயே டேப் என்கிற கருவியைப் போட்டு மரை வெட்டியிருக்கிறது. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ அந்த மரையைப் போகிற போக்கில் தானே போட்டுக்கொள்கிறது. அதற்கு அது தகட்டைவிடக் கடினமாக இருக்க வேண்டும். அதனால்தான் இரும்பு ஸ்க்ரூவைச் செய்த பிறகு மேல்தோலை மட்டும் கடினப்படுத்துகிறார்கள். உள்ளே சற்று மென்மை, வெளியே கண்ணாடி மாதிரி கடினம். இதில் இரண்டு ஜாதி. ஒன்று தகட்டை நெருக்கி ஒதுக்கி மரையை அழுத்தி உருவாக்கும், தூள் வராது. இன்னொன்றின் முனையில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், அது டேப் மாதிரியே சீவிக்கொண்டு போகும், பேக்கலைட் போல நெருக்கினால் உடைகிற பொருளுக்கும் கனமான உலோகத்துக்கும் அதுதான். நம் கடைகளில் கிடைப்பது முக்கால்வாசி முதல் ஜாதி. இரண்டுக்குமே ஓட்டையை நாம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டையையும் தானே போட்டுக்கொள்வது செல்ஃப் ட்ரில்லிங். முனையில் குட்டி ட்ரில் பிட் மாதிரியே இருக்கும், அதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஊரில் இரண்டையும் ஒரே பெயரில் கேட்பதால்தான் கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார், அவர்மேல் தப்பில்லை.

அடுத்தது நம்பர். "8-ல 25 கொடுங்கண்ணே" என்று கேட்டால் 8 நம்பர் தடிமன், 25 மி.மீ. நீளம் என்று அர்த்தம். இந்த நம்பருக்கும் மி.மீ.க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம்பரை 0.33-ஆல் பெருக்கி 1.52 கூட்டினால் மரையின் வெளிவிட்டம் வந்துவிடும். 6 என்றால் 3.5 மி.மீ., 8 என்றால் 4.2, 10 என்றால் 4.8, 12 என்றால் 5.5. 14 மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், தகட்டு ஸ்க்ரூவில் அதை 6.3 என்றே எடுத்துக்கொள்கிறார்கள், அதாவது கால் இன்ச். ஒரு குழப்பத்தை மட்டும் மனதில் வையுங்கள்: ஸ்க்ரூவில் நம்பர் ஏற ஏறத் தடிமன் கூடும், தகட்டு கேஜில் நம்பர் ஏற ஏறத் தடிமன் குறையும். 14 கேஜ் தகடு சுமார் 2 மி.மீ., 20 கேஜ் சுமார் 1 மி.மீ.க்குள். பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டாமல் இருந்ததில்லை.

இப்போது ஓட்டை. நூறு ஸ்க்ரூ கெட்டால் பெரும்பாலானவற்றில் குற்றவாளி ஓட்டைதான், ஸ்க்ரூ இல்லை. ஓட்டை பெரிதானால் மரைக்குப் பிடிக்கத் தகடு இல்லை, இறுக்கும்போது சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிதானால் ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டு பாதியில் தலை உடையும். உங்கள் பழைய ஷெட்டில் இரண்டும் நடந்திருக்கிறது, அநேகமாக ஒரே ட்ரில் பிட்டை வைத்து எல்லா நம்பருக்கும் ஓட்டை போட்டிருப்பார்கள். 8 நம்பருக்கு 1 மி.மீ. இரும்புத் தகட்டில் சுமார் 3.2 மி.மீ. பிட், அதே 8 நம்பருக்கு 2 மி.மீ. தகட்டில் சுமார் 3.5. 6 நம்பருக்கு 1 மி.மீ. தகட்டில் 2.7 அல்லது 2.8. 10 நம்பருக்கு 1 மி.மீ.யில் 3.7, 2 மி.மீ.யில் 4. தகடு கனமாக ஆக ஆக ஓட்டையையும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா? கனத்த தகட்டில் மரைப்பல் பல சுற்று பிடிக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தாலே போதும். ஓட்டை நெருக்கமானால் எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் வெட்டப் பார்த்து ஸ்க்ரூ முறுகிப் போகும். மெல்லிய தகட்டில் நிலைமை தலைகீழ்.

மெல்லிய தகட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 8 நம்பர் ஸ்க்ரூவின் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே 1.4 மி.மீ. இடைவெளி. தகடோ 0.5 மி.மீ. அப்படியென்றால் ஒரு முழு மரைகூடத் தகட்டுக்குள் இல்லை, தகட்டின் விளிம்பு மட்டும் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, படிக்கட்டில் ஒரு விரல் மாட்டிக்கொண்டு தொங்குகிற மாதிரி. ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால் அந்த விளிம்பு மேலே வளைந்து வந்துவிடும், அவ்வளவுதான், மரை கழண்டது. (மனிதனுக்கு மரை கழண்டால் வைத்தியம் உண்டா தெரியாது, தகட்டுக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.) எங்கே போட்டாலும் குறைந்தது ஒரு முழு மரையாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. தகட்டோடு தகடு மட்டும் சேர்க்கிற இடத்தில் அது கிடைக்காது, அங்கே எண்ணிக்கையைக் கூட்டுங்கள் அல்லது பாப் ரிவெட்டுக்கு (மரையில்லாமல் இழுத்து இறுக்குகிற ஆணி) போய்விடுங்கள். ஓட்டையை ட்ரில் போடாமல் கூர்மையான பஞ்ச் வைத்துக் குத்தினால் தகடு மறுபக்கம் குழாய் மாதிரி கொஞ்சம் பிதுங்கும், அந்தப் பிதுக்கத்திலும் மரை பிடிக்கும் என்பது பழைய டின்கர்களின் கைவேலை. ஏ.சி. டக்ட் வேலை செய்கிறவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

சரி, ஷெட்டுக்கு வருவோம். 0.5 ஷீட்டும் 2 மி.மீ. டியூபும் சேர்ந்து 2.5 மி.மீ. இதற்குச் செல்ஃப் ட்ரில்லிங்தான், ஹெக்ஸ் (அறுகோண) தலை, ரப்பர் வைத்த வாஷர். 12 நம்பர் போதும். ட்ரில் முனைக்கும் ஒரு நம்பர் உண்டு, இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. 2-ஆம் நம்பர் முனை மெல்லிய தகட்டுக்கு, 3-ஆம் நம்பர் சுமார் 5 மி.மீ. வரை, 5-ஆம் நம்பர் 12 மி.மீ. கனத்துக்குக்கூட இறங்கும். உங்களுக்கு 3. ட்ரில் முனையின் நீளம் ஏன் முக்கியம் என்றால், 12-14 என்று பெட்டியில் போட்டிருக்கும் ஸ்க்ரூவில் இன்ச்சுக்கு 14 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 மி.மீ. கீழே இறங்கப் பார்க்கும். இரும்பைத் துளைக்கிற முனை ஒரு சுற்றில் அதில் சின்னப் பங்குகூட இறங்காது. கீழ்த்தகடு முழுக்கத் துளைபடுவதற்குள் மேலே மரை பிடித்துவிட்டால், மரை இழுக்கும், முனை வராது, ஒன்று முனை எரியும் அல்லது மேல் ஷீட் ஜாக்கி வைத்த மாதிரி தூக்கிக்கொள்ளும். ஷீட்டுக்கும் டியூபுக்கும் நடுவில் தெர்மோகோல், பஃப் (வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை) என்று ஏதாவது வைத்தால் இந்தத் தொல்லை கட்டாயம் வரும், அதற்கு நீள முனை வைத்தது வாங்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் பிளைவுட் பலகை போடுகிறவர்களுக்குச் சிறகு வைத்த ஸ்க்ரூ தனியாக இருக்கிறது. சிறகு மரத்தில் அகலமாக ஓட்டை போட்டுக்கொண்டே போய், இரும்பைத் தொட்டதும் உடைந்து விழுந்துவிடும். யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

நீளத்துக்கு வருகிறேன். மேட்டில் போடப் போகிறீர்களா, பள்ளத்திலா? கலர் ஷீட்டின் அலைமேட்டில் போட்டால் தண்ணீர் ஸ்க்ரூ பக்கமே நிற்காது, ஒழுகல் குறையும், ஆனால் மேட்டு உயரம் 28, 30 மி.மீ. இருந்தால் ஸ்க்ரூ 55 அல்லது 65 மி.மீ. வேண்டும், அதிகம் இறுக்கினால் மேடு நசுங்கும். பள்ளத்தில் போட்டால் ஷீட் டியூபோடு ஒட்டி உட்கார்ந்து பிடி பலமாக இருக்கும், 25 மி.மீ. போதும், ஆனால் ரப்பர் வாஷர் மழைநீரில் நனைந்துகொண்டே கிடக்கும், அது கெட்ட அன்று ஒழுகும். கூரைக்கு மேடு, பக்கச் சுவருக்குப் பள்ளம் என்பது என் வழக்கம். எப்படிப் போட்டாலும் டியூபுக்கு உள்ளே மூன்று மரையாவது நீட்டிக்கொண்டிருக்கும்படி நீளம் எடுங்கள். ட்ரில் முனை பிடிக்காது, அதை நீளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் ஊரில் காற்றைப் பற்றிச் சொல்லாமல் ஷெட் பற்றிப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது என் பட்டறைக் கூரையில் பாதி பக்கத்து மனையில் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனபோது ஷீட் போனதைச் சொல்லி அழுதால் யார் கேட்பார்கள். ஆனால் மறுநாள் அந்த ஷீட்களை எடுத்து அடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஸ்க்ரூ பெரும்பாலும் டியூபிலேயே பத்திரமாக இருந்தது, ஷீட்தான் ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் கிழிந்து அதன் மேலாகவே உருவிக்கொண்டு போயிருந்தது. அதுவும் ஓரத்திலிருந்தும் மூலையிலிருந்தும்தான் ஆரம்பித்திருந்தது. காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம், அந்த உறிஞ்சல் ஓரங்களிலும் மூலைகளிலும் உச்சம். ஆகையால் நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் போட்டாலும் பரவாயில்லை, நான்கு ஓரத்திலும் ஒவ்வொரு மேட்டிலும் போடுங்கள், வாஷரை அகலமானதாக எடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது புதிதாக அப்படிப் போட்டிருந்த ஷீட் ஒன்றுகூட அசையவில்லை. காற்று தானே புயல் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஸ்க்ரூவுக்கே எல்லாப் புகழும் கொடுப்பது நியாயமில்லை.

இனி துரு. கடைகளில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னுகிற ஸ்க்ரூவில் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு, சில மைக்ரான் கனம்தான். விழுப்புரத்தில் அது பல வருஷம் தாங்கும், தேவனாம்பட்டினத்தில் ஒரு மழைக்காலம் போனாலே தலையில் சிவப்பு தெரியும். உப்புக்காற்று ஒரு பக்கம், ஸ்க்ரூ பிட் தலையில் உரசும்போதே பூச்சு போய்விடுவது இன்னொரு பக்கம். "அப்படியென்றால் எஸ்.எஸ். போட்டுவிடலாமே" என்பீர்கள். எந்த எஸ்.எஸ்.? செல்ஃப் ட்ரில்லிங்கில் "எஸ்.எஸ்." என்று விற்பதில் பெரும்பகுதி 410 ரகம். அதைக் கடினப்படுத்த முடியும் என்பதால்தான் இரும்பைத் துளைக்கிறது, ஆனால் குரோமியம் சுமார் 12 சதவீதம்தான், நிக்கல் என்று சொல்லும்படி இல்லை, நம் கடற்கரையில் அதுவும் துருப்பிடிக்கும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8, நன்றாகத் தாங்கும், கடலுக்கு மிக அருகில் டீக்கறை மாதிரி பழுப்பு படியும், உயிருக்கு ஆபத்தில்லை. 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், உப்புக்கு அதுதான் ஏற்றது. ஒரு காந்தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 410-இல் டப்பென்று ஒட்டும். 304, 316-இல் ஒட்டாது, அல்லது மரை உருட்டிய இடத்தில் லேசாக இழுக்கும், அந்த லேசான இழுப்பை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நானே ஒரு தடவை 304 விலை கொடுத்து 410 வாங்கி வந்து, ஒரு வீட்டு பால்கனியில் போட்டு, அடுத்த பொங்கலுக்குள் அந்த வீட்டு அம்மா "இதுதான் உங்க எஸ்.எஸ்.ஸா தம்பி?" என்று கேட்க, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து காந்தம்.

சரி, உண்மையான 304-ஐயே கலர் ஷீட்டில் போட்டால்? இங்கேதான் சிக்கல். 304 மென்மையானது, 2 மி.மீ. டியூபில் தானே மரை போடுகிற கடினம் அதற்கு இல்லை, முறுகி மாட்டிக்கொள்ளும். உடம்பு 304-ஆகவும் முனை மட்டும் கடின இரும்பாகவும் ஒட்டிய இரட்டை உலோக ஸ்க்ரூ கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் அது டியூபைத் துளைக்கும். துளைத்தாலும் அடுத்த பிரச்சினை பாக்கி. இரண்டு வெவ்வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் தாழ்ந்த உலோகம் கரையும், உயர்ந்தது பிழைக்கும். கலர் ஷீட்டுக்கு அடியில் இருப்பது அலுமினியம்–துத்தநாகப் பூச்சு, எஸ்.எஸ்.ஸோடு சேர்ந்தால் கரைவது அந்தப் பூச்சுதான். ஷீட் பெரிது, ஸ்க்ரூ சிறிது, அதனால் மெதுவாகத்தான் கரையும், உள்ளூரில் பலர் போட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். ஆனால் கடலோரத்தில் பூச்சு ஷீட்டுக்கு எஸ்.எஸ். ஸ்க்ரூ வேண்டாம் என்று ஷீட் தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு, ஓட்டையைச் சுற்றி வட்டமாக அரிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத் தப்பு இதைவிட மோசம்: எஸ்.எஸ். தகட்டில் துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ போட்டால் கரைவது குட்டி ஸ்க்ரூ, எதிரே அவ்வளவு பெரிய தகடு, வேகத்தைக் கேட்கவே வேண்டாம். எஸ்.எஸ். பெயர்ப்பலகையில் சாதா ஸ்க்ரூ போட்டு வழிந்திருக்கும் பழுப்புக் கோடுகளை நேரு வீதியில் நடந்து போகும்போது அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

ஆக உங்கள் கூரைக்கு என் தீர்ப்பு: கடலோரத்துக்கென்று கனமான பூச்சு போட்ட கார்பன் ஸ்டீல் செல்ஃப் ட்ரில்லிங். கடையில் "கிளாஸ் 4 கோட்டிங்" என்று கேளுங்கள், அது ஆஸ்திரேலியக்காரர்களின் தரவகை, அவர்களுக்கும் கடற்கரை நிறைய. "கிளாஸ் 3" அதற்கு ஒரு படி கீழே. சாதாவைவிட விலை நன்றாகவே கூடும், ஆனால் முழுக் கூரைச் செலவில் ஸ்க்ரூ ஒரு மூலைக்குக் காணாது, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாஷரில் இருப்பது ஈ.பி.டி.எம். ரப்பரா என்று பாருங்கள், கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் அமுங்கித் திரும்பும். சாதா ரப்பர் நம் வெயிலில் இரண்டு கோடையில் வெடித்துவிடும்.

போடுகிற விதத்துக்கு வருவோம். இம்பாக்ட் டிரைவர் வைத்து டர்ர்ர் என்று போடுகிற பையன்களை மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். கிளட்ச் உள்ள ட்ரில், வேகம் 2000 சுற்றுக்குப் பக்கத்தில் போதும், 12 நம்பர் ஹெக்ஸுக்கு 8 மி.மீ. காந்த சாக்கெட், 14 நம்பர் என்றால் 10 மி.மீ. நேர்குத்தாகப் பிடித்து, துளைக்கும்வரை நிதானமாக அழுத்தி, மரை பிடித்ததும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். ரப்பர் வாஷரின் ஓரம் இரும்பு வாஷரின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தால் சரி. பிதுங்கி வெளியே வழிந்தால் அதிகம், அது கிழிந்து ஒழுகும். இன்னொன்று, துளைக்கும்போது விழுகிற இரும்புச் சீவலை அன்றன்று சாயங்காலமே கூட்டி எடுத்துவிடுங்கள். இரவுப் பனியில் அது துருப்பிடித்து ஷீட்டில் ஒட்டும், மறுநாள் பார்த்தால் புது ஷீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும், வீட்டுக்காரர் ஷீட்டே மட்டம் என்று திட்டுவார்.

தலை கையோடு வந்ததற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். எல்லாம் துருவால் மட்டும் உடைவதில்லை. கடினப்படுத்திய ஸ்க்ரூவை மின்முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்ளும், பிறகு சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும், அதைச் சரியாகச் செய்யாத மலிவுச் சரக்கு இறுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் காலை வந்து பார்த்தால் தலை மட்டும் தரையில் கிடக்கும். எனக்கு ஒரு கேட் வேலையில் இப்படி ஒன்பது தலைகள் விழுந்தன, யாரோ ராத்திரி வந்து சுத்தியலால் அடித்துவிட்டுப் போனார்கள் என்றே நினைத்தேன். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவும் உடையும் வகைதான். தச்சு வேலைக்காரர்கள் விலை குறைவு என்று கதவுக் கீலுக்கெல்லாம் அதைப் போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அது ஜிப்சம் பலகைக்கு மட்டும்.

கொசுவலைச் சட்டத்துக்கு இத்தனை யோசனை வேண்டாம். அலுமினியம் மென்மை, 304 அதில் அழகாக மரை போட்டுக்கொள்ளும். 6 நம்பர், 13 அல்லது 19 மி.மீ., பேன் தலை (மேலே உருண்டையாக நிற்பது), ஜன்னல் மூட வேண்டிய இடமாக இருந்தால் சி.எஸ்.கே. தலை (உள்ளே பதிந்து சமமாக நிற்பது). ஓட்டை இரும்புக்குச் சொன்னதைவிட ஒரு பொட்டு சிறிது. இங்கேயும் பேட்டரிக் கதை உண்டு, அதனால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள், முடிந்தால் தலைக்கடியில் நைலான் வாஷர். ஸ்டார் பிட் விஷயத்தில் 6, 8, 10 மூன்றுக்கும் பி.எச். 2 (பிலிப்ஸ் 2-ஆம் நம்பர்) சரி, 12-க்கு மேல் பி.எச். 3. தேய்ந்த பிட்டை வைத்துத் தலையைக் குழப்பாதீர்கள், பிட் விலை ஒரு டீ, வடை விலைதான்.

வாஷிங் மெஷின் மூடிக்குப் புது ஸ்க்ரூவே வாங்காதீர்கள், பழையதே போதும், போடுகிற விதம்தான் தெரிய வேண்டும். பிளாஸ்டிக்குக்கு வருகிற ஸ்க்ரூவில் மரை கூர்மையாகவும் இடைவெளி விட்டும் இருக்கும், தகட்டு ஸ்க்ரூவை அங்கே போட்டால் பிளாஸ்டிக் பிளக்கும். திரும்பப் போடும்போது கையால் வைத்து, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற பக்கமாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாக உள்ளே விழும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய் மாதிரி இறங்கும். இதைச் செய்யாமல் நேரே முறுக்கினால் பழைய மரைக்குக் குறுக்கே புதிதாக ஒன்றை வெட்டும், இரண்டு மூன்று தடவை அப்படிக் கழற்றி மாட்டினால் அந்த ஓட்டை முடிந்தது. மிக்ஸி, டி.வி. ரிமோட், பைக் கவர் எல்லாவற்றுக்கும் இதேதான்.

கழண்ட மரைக்கு வைத்தியம் சொல்கிறேன் என்றேன். பழைய ஷெட்டில் சுற்றிக்கொண்டிருப்பவற்றை எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் 12 இருந்த இடத்துக்கு 14 நம்பர் போடுங்கள், பெரும்பாலும் பிடித்துவிடும். சுற்றிக்கொண்டே இருப்பது வெளியே வர அடம்பிடித்தால், தலைக்கடியில் பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைச் செருகி மேலே நெம்பிக்கொண்டே கழற்றுங்கள், மரை ஏதாவது ஒரு பக்கம் பிடித்து ஏறி வரும். 14-உம் சுற்றினால் டியூபே அந்த இடத்தில் துருவில் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு இன்ச் தள்ளிப் புது இடத்தில் போட்டுவிட்டு, பழைய ஓட்டையில் பாப் ரிவெட்டும் சிலிக்கானும் வைத்து அடையுங்கள். இரண்டு தகடு சேர்கிற இடமாக இருந்தால் பைக் கவரில் வருகிற யு கிளிப்பைத் தகட்டு ஓரத்தில் செருகி அதில் ஸ்க்ரூ போடலாம், கைகொடுக்கும். தலை உடைந்து உடம்பு டியூபிலேயே நிற்பவற்றைத் தோண்டி எடுக்க மெனக்கெடாதீர்கள், கிரைண்டரால் சமமாகத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டு மேலே புது ஷீட்டைப் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிட்டால், ஒழுகுகிறதா என்று அந்த மாதமே தெரிந்துவிடும்.